ஃப்ரிட்ஜ் வாங்கப் போய் வாங்கிய படகு

ரமணாசிரமம் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். விவரம் தெரிந்தவர்கள் காத்திருந்து வாங்குவார்கள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு மூடாமல், அதற்குப் பழைய பாவாடை நாடாவைக் கட்டி வைத்திருந்த சமயம் அது. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் ஒரு பெரியவர் உடம்பு முடியாமல் சொந்த நாட்டுக்கே திரும்புகிறார், ஃப்ரிட்ஜ் புதுசு கணக்காக இருக்கிறது என்று, என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் பெண் ஒருத்தி சொன்னாள். இவரையும் கிளப்பிக்கொண்டு போனேன்.

இவர் என்றால் என் கணவர். அரசு பஸ் டிரைவராக இருந்தவர். ஜவ்வாது மலைக்குப் போகும் வண்டியைத்தான் அதிகம் ஓட்டியிருக்கிறார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸைத் திருப்புவது பற்றி விடிய விடியப் பேசச் சொன்னாலும் பேசுவார். அப்படிப்பட்டவருக்கு இடது கண்ணில் பிரஷர் ஏறி, நரம்பு செத்து, பார்வை போய்விட்டது. வலி இல்லாமல் வருகிற வியாதியாம். தெரிந்தபோது காரியம் மிஞ்சிவிட்டது. டெப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறோம் என்றார்கள். மற்றவன் வண்டி எடுப்பதை உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஸ்கூட்டர் ஓட்டினார். ஒரு நாள் சாயங்காலம் இடது பக்கமிருந்து சைக்கிளில் வந்த ஸ்கூல் பெண்ணைத் தட்டிவிட்டார். பிள்ளைக்கு அடி ஒன்றும் இல்லை, முட்டியில் சிராய்ப்புதான். இவர் மட்டும் வீட்டுக்கு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்தார். சாவியை என் கையில் கொடுத்து, "இத எங்கியாவது வெச்சுடு. நான் கேட்டாலும் தராத," என்றார். கேட்கவே இல்லை. அன்றிலிருந்து கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், படுக்கச் சொன்னால் படுப்பார். இப்படியே இந்த மனிதர் சேரோடு சேராகப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வெளியில் எங்கே போனாலும் கூட்டிக்கொண்டு போனேன். நடக்கும்போது எப்போதும் அவருக்கு இடது பக்கம் நான். பௌர்ணமிக்குக் கிரிவலம் போனாலும் அப்படித்தான். வலது பக்கம் மலை, இடது பக்கம் வண்டிகள், நடுவில் நாங்கள்.

"பாத்தியா, மலைய பாக்கற கண்ண மட்டும் சாமி விட்டு வெச்சிருக்காரு," என்று ஒரு முறை நடந்துகொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமிமேல் எனக்கு அப்போது ரொம்பக் கோபம் இருந்தது.

ஃப்ரிட்ஜ் கதைக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் வீட்டில் நான் ஃப்ரிட்ஜைத் திறந்து மூடி, உள்ளே தலையை விட்டு முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவரைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தால், மாமரத்தடியில் ஒரு சின்னப் படகுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். கட்டில் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஃபைபரில் செய்தது, ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். அதில் மண்ணும் மாவிலையும் நிறைந்து, யாரோ புதினா வேறு போட்டிருந்தார்கள். இவர் குனிந்து, பின்பக்கம் இருந்த ஒரு கட்டையைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். அது சுக்கானைத் திருப்புகிற பிடி. துருப்பிடித்துக் கிறீச்சிட்டுக்கொண்டு சுக்கான் திரும்பியது.

அந்தக் கையை நான் பார்த்தேன். ரொம்ப நாளாக மடியில் சும்மா கிடந்த கை.

பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாத்தனூர் டேமில் விடலாம் என்று கடற்கரைப் பக்கமிருந்து வாங்கி வந்தாராம், அனுமதி கிடைக்காமல் அப்படியே கிடந்துவிட்டதாம். பாய்மரக் கம்பு, பாய், கயிறு, பலகை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இங்கிலீஷில் மூச்சு விடாமல் விளக்கினார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இந்த ஸ்டாப்பில் நிற்குமா என்று யார் கேட்டாலும் தலையாட்டிப் பழகிய தலை அது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

"திருவண்ணாமலையில படகா? கொளத்துல தெப்பம் உடப்போறீங்களா?" என்று திட்டினேன்.

"உங்க ஊரு ஏரி இருக்குதே," என்றார்.

அவர் ஒரு விஷயத்துக்கு யோசித்துப் பதில் சொல்லி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நான் ஃப்ரிட்ஜை மறந்தேன். படகு ஒரு குட்டி யானை வண்டியில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தது. பழைய ஃப்ரிட்ஜுக்கு நாடாவை மட்டும் மாற்றினேன்.

வீட்டுக்கு முன்னால் படகைக் கவிழ்த்துப் போட்டதும் தெருவே கூடிவிட்டது. "என்ன டிரைவரே, மறுபடி வெள்ளம் வரப்போகுதா?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கிண்டல் செய்தார்கள். இவர் கவலைப்படவில்லை. டெப்போவில் பஸ் பாடிக்கு டிங்கர் வேலை பார்க்கும் ஒரு பையனை, பையன் என்ன, அவனுக்கே மகள் கல்யாணத்துக்கு நிற்கிறாள், வரவழைத்தார். இரண்டு பேரும் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்து, விரிசல்களை அடைத்தார்கள். ஃபைபர் நார் ஒட்டுகிற அந்தப் பசை நாற்றம் எங்கள் ரசத்தில்கூட ஏறிவிட்டது.

படகுக்கு நடுவில், மேலிருந்து அடிவரைக்கும் ஊடுருவிக்கொண்டு ஒரு நீளமான பிளவு இருந்தது. ஒரு கை நுழையும் அகலம்கூட இல்லை. டிங்கர் அதை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணி, புதினாவுக்குத் தண்ணி வடியறதுக்கு எவனோ அறுத்து உட்ருக்கான் பாருங்க! படகு அடியில ஓட்டை போடுவானா மனுசன்?"

தொட்டிக்கு அடியில் ஓட்டை போடுகிற வழக்கம் எங்களுக்கும் உண்டு. நியாயமாகத்தான் பட்டது. அடிப்பக்கம் நார் வைத்து, பசை பூசி, தேய்த்து, கடல் நீலத்தில் பெயின்ட் அடித்துவிட்டான். இருந்த இடம் தெரியவில்லை. மேல்பக்கம் மட்டும் பிளவு அப்படியே இருந்தது. குடை செருகி வைக்கத் தோதாக இருக்கிறது என்று நான்தான் விட்டுவிடச் சொன்னேன்.

பாயை எலி கடித்திருந்தது. தைப்பது என் பாடு. அந்தத் துணி வழுவழுவென்று இருக்கும், ஆனால் ஊசியை உடைக்கும். ஜீன்ஸ் தைக்கிற ஊசியைப் போட்டுத்தான் மிஷினில் ஓட்டினேன். ஒட்டுப் போடக் கெட்டித் துணி வேண்டும் என்றேன். இவர் உள்ளே போய்ப் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. தேய்த்து மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டை இரண்டையும் கொண்டு வந்து மிஷின்மேல் வைத்தார்.

"இதுங்களா?" என்று கேட்டேன்.

"கெட்டித் துணிதான. நல்லா இருக்கும்."

பொத்தான்களை நான் பிரித்து வைத்துக்கொண்டேன். காக்கியை வெட்டும்போது அவர் பக்கத்தில் நிற்கவில்லை, வெளியில் போய்ப் பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மிஷினை மிதித்துக்கொண்டே அழுதேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

சாமான்களில் ஒரு பலகை மிச்சமாயிற்று. வழவழவென்று வார்னிஷ் அடித்த நல்ல மரம். ஒரு முனை உருண்டை, மறுமுனையில் குறுக்கே ஒரு தடித்த கட்டை. டிங்கருக்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. உட்காருகிற பலகையாக இருக்கும், எங்களுக்கு எதற்கு என்று முடிவு செய்தோம். சாமி மூலையில் இரண்டு செங்கல்லை வைத்து, அதன்மேல் அந்தப் பலகையைப் போட்டு, படங்களையும் காமாட்சி விளக்கையும் வைத்தேன். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்ததும் அதற்கென்றே செய்த மாதிரி அமைந்துவிட்டது.

இவர் ராத்திரி பகல் என்று பார்க்காமல் போனில் படகு வீடியோ பார்த்தார். அதில் வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ இங்கிலீஷில் கத்திக்கொண்டு, நேராகப் போகாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனார்கள். "வித்தை காட்டறானுங்க," என்றார் இவர்.

என் பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். தம்பி அங்கே நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிறான். மழை நன்றாகப் பெய்து, தை மாதம் ஏரி கரைவரை நிரம்பி நின்றது. மீன் குத்தகைக்காரரிடம் தம்பி பேசி வைத்தான். வலை கட்டியிருக்கும் பக்கம் வராமல் இருந்தால் போதும் என்றார் அவர். மதகுக்குப் பக்கத்தில் படகை இறக்கினோம். புது வண்டிக்குச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம். இதற்குச் சக்கரம் ஏது? தம்பி படகுக்கு முன்னால் வரிசையாகப் பழத்தை வைத்து, "தள்ளுங்க மாமா!" என்றான். பழமெல்லாம் நசுங்கி, படகு எலுமிச்சை வாசனையோடு தண்ணீரில் இறங்கியது.

இவரைத் தனியாக விட நான் தயாராக இல்லை. எனக்கும் நீச்சல் தெரியாது. ஆரஞ்சு கலர் மிதவைச் சட்டையை இரண்டு பேரும் போட்டுக்கொண்டோம். இவர் பின்னால் நடுவில் சுக்கான் பிடியோடு உட்கார்ந்தார். நான் முன்னால், அவருக்கு இடது பக்கம். பிளவில் குடையைச் செருகினேன்.

கரையை விட்டதும் வாடைக் காற்று பாயைப் பிடித்தது. ஐயோ, என்ன ஒரு சந்தோஷம்! ஒரு நிமிஷம்தான். அப்புறம் எதுவும் பிடிபடவில்லை. பிடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்புகிறது. காலமெல்லாம் ஸ்டீயரிங் பிடித்த கைக்கு இது தலைகீழ். அதையாவது சமாளித்தார். ஆனால் படகு எந்தப் பக்கம் மூக்கை வைத்தாலும் பக்கவாட்டிலேயே நழுவியது. பாத்திரம் கழுவும்போது சோப்பு நுரை ஒதுங்குமே, அந்த மாதிரி காற்று எங்களை ஒதுக்கிக்கொண்டே போனது. தூரத்தில் மலை தெரிந்தது. காற்று எங்களை அந்தத் திசையிலேயே தள்ளியது.

"அண்ணாமலையாரு கூப்புடறாரு, அக்கா!" என்று கரையிலிருந்து தம்பி கத்தினான்.

எதிர்க்கரைச் சேற்றில், கருவேல முள்ளில் போய் மாட்டிக்கொண்டோம். இவர் இறங்கி, இடுப்பளவு சேற்றில் நின்று தள்ளிப் பார்த்தார். தள்ளிவிட்டு ஏறினால் மறுபடியும் அதே முள். நூறு நாள் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "டிரைவரே, பிரேக் புடிக்கலியா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை, ஊர்க்காரிகள் சிரிப்புதான். கடைசியில் மீன்காரர் பரிசலில் வந்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். சர்வீஸ் முழுக்க ஒரு தடவைகூட என் வண்டி கயிறு கட்டி வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மனிதர் இவர். இழுத்து வரும் வழியெல்லாம் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே ஒரு முறைதான் வாயைத் திறந்தார். "அந்தப் படக மாட்டுக்குத் தண்ணித் தொட்டியா வெச்சுக்கச் சொல்லு மச்சான."

மறுநாள் காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் சேர் வந்துவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. படகுமேல், காற்றுமேல், சிரித்தவர்கள்மேல், புதினா போட்டவர்மேல். ஆரம்பத்தில் இந்தப் படகு வேண்டாம் என்று சொன்னவள் நான். இப்போது அதை மாட்டுத் தொட்டியாக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. சேரில் உட்கார்ந்திருப்பவரைத் தாண்டித் தாண்டிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாமி மூலையைச் சுத்தம் செய்தேன். படங்களை இறக்கிவிட்டு, பலகையில் வழிந்திருந்த எண்ணெயைத் துடைக்கக் கையில் எடுத்தேன். தடிமன் கம்மிதான். அதை நிறுத்திப் பிடித்துத் துடைக்கும்போது மேலே இருந்த குறுக்குக் கட்டை என் கண்ணில் பட்டது. இட்லிக் குண்டானில் தட்டு உள்ளே விழுந்துவிடாமல் விளிம்பில் நிற்குமே, அப்படி ஒரு தடுப்பு. இது எதற்குள்ளோ இறங்கி, மேலே நிற்கிற சாமான். எதற்குள்? என் குடை நின்ற இடம் ஞாபகம் வந்தது. அந்த அகலம், இந்தத் தடிமன்.

ஈரக் கையோடு வாசலுக்கு ஓடிப் பலகையை அவர் மடியில் வைத்தேன்.

"இத நிறுத்திப் புடிங்க. படகுல அந்த ஓட்டை இருந்துதில்ல, அது ஓட்டையே இல்லீங்க. இது போற வழி!"

அவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உருண்டை முனையைத் தடவினார். குங்குமம் விரலில் ஒட்டியது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அடியில நீட்டிக்கினு நிக்கும். சைடுல நழுவ உடாது."

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "அடிப்பாவி! படகோட காலப் புடுங்கி விளக்கு ஏத்தியிருக்கியே!" என்றார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இரண்டு கண்ணிலும் வந்தது. நானும் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தேன். படங்களுக்கு அன்றைக்கு விளக்கு ஏற்ற மத்தியானம் ஆகிவிட்டது.

டிங்கர் ஊருக்கே வந்து, தம்பியின் மோட்டார் கொட்டகையில் படகைக் கவிழ்த்து வைத்து, "நானே அடைச்சேன், நானே பொளக்கறேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணி," என்று சொல்லிக்கொண்டே பிளவைத் திறந்தான். பலகை உள்ளே இறங்கி, குறுக்குக் கட்டை மேலே உட்கார்ந்தது. குங்குமத்தை மட்டும் நான் அழிக்கவில்லை.

மாசி பிறந்து, ஏரித் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. காற்று இருந்தது. இந்த முறை யாருக்கும் சொல்லாமல் காலையிலேயே போனோம். தம்பி மட்டும் கரையில். இவர் பின்னால் உட்கார்ந்ததும் ஒரு காரியம் செய்தார். பஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவர் வழக்கம். போன முறை அதைச் செய்யவில்லை. நான் கவனித்திருந்தேன், கேட்கத்தான் மனம் வரவில்லை. இப்போது சுக்கான் பிடியை இரண்டு கையாலும் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பார்வை போன கண்ணில் விரல் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றது.

பலகையை இறக்கினோம். படகு நழுவவில்லை. பிடித்து வைத்த மாதிரி, மூக்கு பார்த்த திசையில் போனது. காற்றோடு ஏரியின் பாதி தூரம் போய்விட்டோம். மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. இனித் திரும்ப வேண்டும், காற்றுக்கு எதிரில். போன முறை முள்ளில் கொண்டுபோய்ச் செருகியது இதே காற்று.

இவர் பாயைப் பார்த்தார், மதகைப் பார்த்தார். "மலைக்கு நேரா ஏற முடியுமா?" என்று தனக்குத்தானே கேட்டார். "வளைஞ்சு வளைஞ்சுதான் ஏறணும். வித்தை இல்லடி அது. கொண்டை ஊசி!"

பிடியைத் தள்ளினார். படகு காற்றுக்குக் குறுக்கே சரிந்து ஏற ஆரம்பித்தது. காற்று வலப்பக்கமிருந்து அடித்தது. படகு இடது பக்கம் சாய்ந்தது, நான் உட்கார்ந்திருந்த பக்கம். தண்ணீர் விளிம்பைத் தாண்டி என் புடவையை நனைத்தது.

"வலது பக்கம் வா," என்றார்.

"மாட்டேன்."

"கவுந்துடும்மா. வெயிட்டு அந்தப் பக்கம் வேணும். வா."

"இந்தப் பக்கம் யாரு பாக்கறது? வலை இருக்குது இந்தப் பக்கம்!" என் குரல் கத்தலாக வந்தது. ஸ்கூட்டர் சாவியைக் கையில் வாங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூட நான் அந்தப் பக்கத்தை விட்டு நகர்ந்ததில்லை. பயத்தில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏறும்போதே பாத்து வெச்சுட்டேன். பாட்டில் கட்டி உட்ட வலை, கரையோரமா இருக்குது, நம்ம வழியில இல்ல. இடது பக்கம் தண்ணிதான் இருக்குது. மோதறதுக்கு இங்க யாரும் இல்ல." அப்புறம் குரலைத் தணித்துச் சொன்னார்: "நான் ஓட்டறேன். நீ வந்து உக்காரு."

நான் குனிந்து, பாய்க்கு அடியில் தவழ்ந்து, வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். படகு நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் வேகம் எடுத்தது. காக்கி ஒட்டுகள் விம்மிக்கொண்டு நின்றன.

ஒவ்வொரு வளைவுக்கும் இவர் வாயால் ஹாரன் கொடுத்தார். நான் தவழ்ந்து பக்கம் மாறினேன். இடது, வலது, மறுபடி இடது. மூச்சு வாங்கியது, முட்டி தேய்ந்தது. மதகுக் கல் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. தம்பி துண்டைச் சுழற்றிக்கொண்டு கரைமேல் ஓடி வந்தான். கடைசி வளைவில் நான் வலது பக்கம் இருந்தேன்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நல்ல கண்ணால், முழுசாக. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உனக்கு எப்ப இவ்ளோ நரைச்சுது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை காலமும் அவர் பார்க்க முடியாத பக்கத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். பதில் சொல்லாவிட்டால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க," என்றேன்.